பின்வாங்க இடமில்லாத மேசை: தீவுச் சண்டைகளுக்கு விதி வகுத்தல்

மேசைப் போர் விளையாட்டு என்பது, நிலத்தோற்றம் அமைக்கப்பட்ட ஒரு மேசையின்மேல் உலோகத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன சிறு வீரர் உருவங்களை நிறுத்தி, அவற்றின் நகர்வை அளவுநாடாவாலும் சுடுதலின் விளைவைப் பகடையாலும் தீர்மானித்து, இரு தரப்பினர் ஆடும் ஆட்டமாகும். இதற்கென வெளிவந்துள்ள விதிநூல்களில் பெரும்பாலானவை ஐரோப்பியச் சமவெளிகளையும் கிராமங்களையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. அவற்றில் மேசையின் விளிம்புக்கு அப்பாலும் நிலம் தொடர்கிறது என்பதும், தோற்ற படைப்பிரிவு பின்னால் போகலாம் என்பதும், புதிய படை சாலை வழியே வந்து சேரும் என்பதும் சொல்லாமலே ஏற்றுக்கொள்ளப்பட்ட அடிப்படைகள். பசிபிக் பெருங்கடலின் தீவுச் சண்டைகளுக்கு இவற்றில் ஒன்றுகூடப் பொருந்துவதில்லை. ஆகவே தீவுக்காக விதிகளைத் தழுவுவது என்பது ஜப்பானியத் துப்பாக்கிகளின் பட்டியலையும் தென்னை மரங்களையும் சேர்த்துவிடுவதோடு முடியும் வேலை அன்று; விதிநூல் எந்த நிலத்தை நம்பி எழுதப்பட்டதோ அந்த நம்பிக்கையையே எடுத்துவிட்டு, கடலை மேசையின் விளிம்பாகக் கருதாமல் சண்டையின் முதல் களமாகக் கொண்டு, நேரத்தையும் தூரத்தையும் பின்வாங்கலையும் புதிதாக வரையறுக்கும் வேலை அது.

இக்கலையின் வரலாறு இங்கே சுருக்கமாகவே வேண்டப்படுகிறது. இந்தியாவில் பிறந்து மேற்கே சென்ற சதுரங்கத்தை விரிவுபடுத்தி, ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் ஹெல்விக் என்பவர் 1780-ல் ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். 1824-ல் பிரஷ்யப் படை அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ், கட்டங்களைக் கைவிட்டு உண்மையான நிலவரைபடத்தின்மேல் ஆடும் 'கிரீக்ஸ்பீல்' விதிகளை வகுத்தபோது, இரு தரப்புக்கும் நடுவே நின்று கட்டளைகளைப் பெற்று, ஒவ்வொருவருக்கும் தெரியவேண்டியதை மட்டும் தெரிவிக்கும் நடுவர் என்ற பாத்திரமும் நிலைபெற்றது. எச். ஜி. வெல்ஸ் 1913-ல் எழுதிய 'லிட்டில் வார்ஸ்' சிற்றுருவங்களைப் பொதுமக்களின் பொழுதுபோக்காக்கியது. தீவுச் சண்டையோடு நேரடித் தொடர்புடையது வேறொரு மரபு. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே கடற்போரை விளையாட்டாக ஆடிப் பார்த்து வந்தது. மரைன் படை அதிகாரி ஏர்ல் எல்லிஸ் 1921-லேயே மைக்ரோனேசியத் தீவுகளை ஒவ்வொன்றாகத் தாக்கிப் பிடிக்க வேண்டிவரும் என்று திட்ட அறிக்கை எழுதினார். 1934-ல் குவாண்டிக்கோவில் கரையிறங்கும் தாக்குதலுக்கான கையேடு ஒன்று உருவானது. அதாவது, உண்மையான தீவுச் சண்டைகளே முதலில் தாளிலும் தரையிலும் ஆடிப் பார்க்கப்பட்டவை. மேசையில் அவற்றுக்கு விதி வகுப்பவர் அந்தத் திட்டமிடுவோரின் கேள்விகளையே மீண்டும் எதிர்கொள்கிறார்.

தழுவலுக்கு மாதிரியாக எடுத்துக்கொள்ளத் தக்க தீவு, கில்பர்ட் தீவுக்கூட்டத்தில், இன்றைய கிரிபாட்டி நாட்டில், தராவா என்னும் வட்டப் பவளத்திட்டின் ஓரத்திலுள்ள பெட்டியோ ஆகும். அதன் நீளம் சுமார் 3 கிலோமீட்டர். மிக அகலமான இடத்திலும் அகலம் 700 மீட்டரைச் சற்றே தாண்டும். பரப்பு 300 ஏக்கருக்கும் குறைவு. அதன் நடுவே ஒரு விமான ஓடுதளம் இருந்தது. 1943 நவம்பர் 20 முதல் 23 வரை, ஏறத்தாழ 76 மணி நேரம் நடந்த சண்டையில், ஜூலியன் ஸ்மித் தலைமையிலான அமெரிக்க 2-ஆவது மரைன் டிவிஷன், ரியர் அட்மிரல் கெய்ஜி ஷிபசாகியின் காவற்படையை எதிர்த்துக் கரையேறியது. அமெரிக்கர் தரப்பில் சுமார் 1,000 பேர் இறந்தனர், 2,000-க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். கொரியத் தொழிலாளர்கள் உட்பட 4,500-க்கும் மேற்பட்டோர் இருந்த தீவில், ஜப்பானியப் படையினருள் 17 பேரும் கொரியருள் 129 பேரும் மட்டுமே உயிருடன் பிடிபட்டனர். முழுச் சண்டையும் இவ்வளவு சிறிய பரப்பில், இவ்வளவு குறுகிய நேரத்தில், தெளிவான தொடக்கமும் முடிவும் கொண்டு நிகழ்ந்ததால்தான் விதி வகுப்போர் திரும்பத் திரும்ப இத்தீவுக்கே வருகின்றனர்.

முதலில் எழும் சிக்கல் அளவுவிகிதம். சிற்றுருவத்தின் உயரத்துக்கும் உண்மையான மனிதனின் உயரத்துக்கும் உள்ள விகிதம் உருவ அளவு எனப்படும். மேசையின் ஓர் அங்குலம் நிலத்தில் எவ்வளவு தூரத்தைக் குறிக்கிறது என்பது நில அளவு எனப்படும். இரண்டும் ஒன்றாக இருப்பது அரிது. 2012-ல் ரிக் பிரீஸ்ட்லியும் அலெஸியோ கவடோரேயும் எழுதி வெளிவந்த 'போல்ட் ஆக்‌ஷன்' விதிநூல் பரவலாக ஆடப்படுவதால் அதையே எடுத்துக்கொள்ளலாம். அதில் உருவங்கள் 28 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 56-இல் ஒரு பங்கு. துப்பாக்கி எட்டும் தூரமோ 24 அங்குலம். உருவ அளவையே நிலத்துக்கும் வைத்தால் அந்தத் துப்பாக்கி 34 மீட்டருக்கு அப்பால் சுடாது. எனவே ஆடுவோர் அந்த 24 அங்குலத்தை மனத்தளவில் 300 மீட்டர் என்று கொள்கின்றனர். ஓர் அங்குலம் பன்னிரண்டரை மீட்டராகிறது. நிலச்சண்டையில் இந்தச் சமரசம் யாரையும் உறுத்துவதில்லை. பெட்டியோவின் வடகரையிலோ பவளத்திட்டின் வெளிவிளிம்பு கரையிலிருந்து சுமார் 450 முதல் 700 மீட்டர் தொலைவில் இருந்தது. அந்தத் தூரத்தை மேசையில் அப்படியே பரப்பினால், 6 அடிக்கு 4 அடி என்னும் வழக்கமான மேசையின் அகலத்தில் முக்கால் பங்கோ முழுவதுமோ நீராலேயே நிரம்பிவிடும். சண்டை நடக்கவேண்டிய கரைக்குப் போதிய இடம் மிஞ்சாது.

இதற்குப் பலரும் தேர்ந்துகொள்ளும் எளிய வழி, படகுகள் கரையைத் தொடும் கணத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்குவது. அவ்வாறு செய்தால் மேசை மிச்சமாகிறது, ஆனால் தராவா போய்விடுகிறது. ஏனெனில் அங்கே சண்டையைத் தீர்மானித்தது கரைக்கு முன்னிருந்த அந்த நீர்ப்பரப்பே. கடலை விட்டுவிடாமலும் மேசையை விழுங்கவிடாமலும் வைப்பதற்கு உகந்த வழி, நீர்ப்பரப்பின் பெரும்பகுதியை மேசைக்கு வெளியே ஒரு நீண்ட தாள்பட்டையாக அமைப்பதாகும். பட்டையில் ஆறு கட்டங்கள் வரையப்படும். ஒவ்வொரு கட்டமும் சுமார் 100 மீட்டர். வெளிக்கட்டம் பவளத்திட்டின் விளிம்பு. பட்டையின் உட்புற முனை மேசையின் விளிம்பைத் தொடும். மேசையில் கடைசி 8 அங்குல நீரும், மணலும், கடற்சுவரும், அதற்குப் பின்னே ஓடுதளம் வரையிலான நிலமும் அமையும். ஆழவாக்கில் இந்த அளவைக் கறாராகக் காத்துக்கொண்டு, பக்கவாட்டில் மட்டும் ஒரு கம்பெனியின் முகப்புக்கு மேசையின் ஆறடியையும் விட்டுக்கொடுத்துவிடலாம். தீவுச் சண்டையில் வீரனைக் கொல்வது முன்னால் உள்ள தூரம் என்பதால், சமரசம் செய்யவேண்டிய திசை பக்கவாட்டுத் திசையே.

பட்டையின்மேல் நகரும் வேகங்களை முடிவு செய்வதில்தான் விதி வகுப்பவரின் கவனம் முழுதும் செலவாக வேண்டும். தராவாவில் இரு வகைக் கலங்கள் பயன்பட்டன. ஒன்று, மரைன்கள் ஆம்ட்ராக் என்று அழைத்த நீர்நில டிராக்டர்; சங்கிலிப்பட்டைகளால் நீரில் நீந்தவும் பவளத்தின்மேல் ஏறவும் வல்லது; சுமார் 20 பேரைச் சுமக்கும். மற்றொன்று, முன்புறக் கதவு கீழிறங்கும் ஹிக்கின்ஸ் படகு; வேகமானது, ஆனால் ஆள் ஏற்றிய நிலையில் ஏறக்குறைய 4 அடி நீர் இருந்தால்தான் திட்டைக் கடக்கும். டிராக்டர்கள் 125 மட்டுமே இருந்தன. முதல் மூன்று அலைகளுக்கே அவை போதுமானவையாக இருந்ததால், பின்வந்தோர் அனைவரும் படகுகளில் வந்தனர். படகுகள் விளிம்பில் தட்டி நின்றன. வீரர்கள் இடுப்பளவும் மார்பளவும் நீரில் இறங்கி, துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடந்தனர். நீரில் அவ்வாறு நடப்பவரின் வேகம் டிராக்டரின் வேகத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டாது என்று கொள்வது நியாயமானது. ஆகவே டிராக்டர் ஒரு சுற்றில் இரண்டு கட்டங்களும், நடப்பவர் இரண்டு சுற்றுகளுக்கு ஒரு கட்டமும் நகர்கின்றனர். ஆறு கட்டங்களை டிராக்டர் மூன்று சுற்றுகளில் கடக்க, நடப்பவருக்குப் பன்னிரண்டு சுற்றுகள் தேவைப்படுகின்றன. வழக்கமான ஆட்டமே ஆறேழு சுற்றுகளில் முடிந்துவிடும் என்பதை நினைத்தால், இந்த ஒரே விதி ஆட்டத்தின் உருவத்தையே மாற்றிவிடுவது விளங்கும்: முதல் அலை சுவரடியில் போராடிக்கொண்டிருக்கும்போது, அதற்கு உதவ வேண்டியவர்கள் இன்னும் மூன்றாம் கட்டத்து நீரில் நடந்துகொண்டிருப்பார்கள்.

நீரில் இருப்போர்மீது காவல் தரப்பு ஒவ்வொரு சுற்றிலும் சுடலாம். வெளிக்கட்டங்களில் பகடையில் 6 விழுந்தால் மட்டும் அடி. நடுக்கட்டங்களில் 5-உம் 6-உம். மேசையை ஒட்டிய கட்டத்தில் 4 முதல். இந்த எண்கள் சிறியவையாகத் தோன்றினாலும், பன்னிரண்டு சுற்றுகள் தொடர்ந்து விழும்போது ஒரு பிளட்டூன் பாதியாகக் கரைந்துதான் கரை சேரும். இங்கே தாக்குவோருக்கு ஒரு தேர்வும் கொடுக்கப்பட வேண்டும்: திட்டின் விளிம்பிலேயே காத்திருந்து, ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும் டிராக்டரில் ஏறிக்கொள்வதா, அல்லது இப்போதே இறங்கி நடப்பதா? திரும்பும் டிராக்டர் ஒவ்வொன்றும் பழுதுக்காக ஒரு பகடை உருட்ட வேண்டும். சண்டையின் முடிவில் உண்மையான 125 டிராக்டர்களில் மூன்றில் ஒரு பங்குகூட இயங்கும் நிலையில் இருக்கவில்லை என்பதால், அந்தப் பகடை கருணையற்றதாகவே இருக்க வேண்டும். கரையிலிருந்து 450 மீட்டர் அளவுக்குக் கடலுக்குள் நீண்டிருந்த நெடிய மரப்பாலத்தையும் பட்டையில் தனி வரிசையாகக் காட்டவேண்டும். அதன் தூண்களை ஒட்டி நடப்போருக்கு மறைப்பு உண்டு, ஆனால் வெவ்வேறு பிரிவினர் அங்கே ஒன்றாக வந்து குவிந்து கலந்துவிடுவர். ஷெர்மன் டாங்கிகளுக்கு முன்னால், நீருக்கடியில் குண்டு தோண்டிய பள்ளங்களைக் காலால் தேடிக் காட்டியபடி வழிகாட்டிகள் நடந்தனர். அவர்களை இழந்த டாங்கி ஒவ்வொரு கட்டத்திலும் மூழ்கும் அபாயத்துக்குப் பகடை உருட்ட வேண்டும் என்ற விதி, வழிகாட்டியைக் காப்பதா டாங்கியை விரைவுபடுத்துவதா என்ற உண்மையான இக்கட்டை ஆடுபவர்முன் வைக்கிறது.

நீரின் ஆழம் ஏன் குறைந்தது என்பதற்கு வானத்தில் விடை இருந்தது. நிலவு பாதியாகத் தெரியும் நாட்களில் சூரியனின் ஈர்ப்பும் நிலவின் ஈர்ப்பும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இழுப்பதால், கடலின் ஏற்றமும் இறக்கமும் குறைந்துவிடுகின்றன. இதுவே தாழ் ஓதம். 1943 நவம்பர் 20-ஐ ஒட்டி நிலவு அவ்வாறு பாதியாக இருந்ததோடு, தன் பாதையில் பூமிக்கு மிகத் தொலைவான புள்ளியின் அருகிலும் இருந்ததை, டெக்சாஸைச் சேர்ந்த இயற்பியலாளர் டொனால்ட் ஓல்சன் 1987-ல் கணக்கிட்டுக் காட்டினார். 5 அடி நீரை எதிர்பார்த்த இடத்தில் 3 அடியோ அதற்கும் குறைவோதான் இருந்தது. தராவாவில் பல ஆண்டுகள் வாழ்ந்திருந்த மேஜர் பிராங்க் ஹாலண்ட் இதை முன்கூட்டியே எச்சரித்திருந்தார். தளபதி ஸ்மித்தும் தம் ஆட்களில் பலர் நடந்தே கரையேற நேரலாம் என்பதை அறிந்திருந்தார்.

சில விதிநூல்கள் ஓதத்தை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகடையால் தீர்மானிக்கின்றன. இது பொருந்தாத முறை. கடல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மனம் மாறுவதில்லை. அன்றைய நீர் காலையிலேயே முடிவான ஒன்று, தெரியாமல் இருந்தது திட்டமிட்டவர்களுக்கு மட்டுமே. எனவே மூடிய உறைகள் இரண்டைத் தயாரித்து, ஒன்றில் நிறைநீர் என்றும் மற்றொன்றில் குறைநீர் என்றும் எழுதி, நடுவர் குலுக்கி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வதே சரியானது. தாக்குபவர் உறை திறக்கப்படும் முன்பே, யார் டிராக்டரில், யார் படகில், எந்த ஆயுதம் எந்த அலையில் என்பதையெல்லாம் தாளில் எழுதி ஒப்படைத்துவிட வேண்டும். முதல் படகு விளிம்பை அடையும் சுற்றில்தான் உறை திறக்கப்படும். குறைநீர் என்று வந்தபின், பீரங்கிக்குழுவைப் படகில் ஏற்றியவர் அதை எப்படிக் கரை சேர்ப்பது என்று திகைக்கும் அந்த ஒரு நிமிடத்தில், அன்று காலை கட்டளைக் கப்பலில் நிலவிய மனநிலையின் ஒரு துளியாவது மேசைக்கு வந்துவிடுகிறது.

கப்பற்பீரங்கிகளின் முன்குண்டுவீச்சுக்கும் இதே முறை ஏற்றது. மூன்று மணி நேரத்துக்கும் குறைவான நேரத்தில் சுமார் 3,000 டன் குண்டுகள் அந்தச் சிறு தீவின்மேல் விழுந்தன. தென்னந்தண்டும் மணலும் கான்கிரீட்டும் எஃகும் கொண்டு கட்டிய பதுங்கு அரண்களில் பல அதற்குப் பின்னும் நின்றன. அறுந்து போனவை தொலைபேசிக் கம்பிகள். அத்துடன், புகையால் இலக்கு தெரியாமலும் கரையை நெருங்கும் தம்மவர் மேலேயே குண்டு விழுமோ என்ற அச்சத்தாலும், முதல் டிராக்டர் கரையைத் தொடுவதற்குச் சில நிமிடங்கள் முன்னதாக, 8:55-க்கே சுடுதல் நிறுத்தப்பட்டது. 9:10-க்கும் 9:22-க்கும் இடையில்தான் டிராக்டர்கள் மூன்று கரைப்பிரிவுகளையும் அடைந்தன. வழக்கமான விதிகளில் முன்குண்டுவீச்சு என்பது எதிரியின் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பகடை உருட்டி, சிலரை மேசையிலிருந்து அகற்றும் சடங்கு. தீவுக்கான விதியில் அது அரண்களை அகற்றாமல், அரண்களுக்கிடையிலான தொடர்பை அறுக்க வேண்டும். சுடுதல் எந்தச் சுற்றில் நிற்கும் என்பதையும் தாக்குபவர் முன்பே எழுதித் தரவேண்டும். டிராக்டர்கள் தாமதமானால் இடைப்பட்ட சுற்றுகளில் காவலர் தலைநிமிர்ந்து தம் துப்பாக்கிகளுக்குத் திரும்பிவிடுவர்.

கரையில் நிகழ்வது வேறு வகையான ஆட்டம். 'போல்ட் ஆக்‌ஷன்' முறையில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பகடை வீதம் இரு தரப்பின் பகடைகளும் ஒரே பையில் போடப்பட்டு, ஒவ்வொன்றாக எடுக்கப்படுகின்றன; எவர் நிறம் வருகிறதோ அவர் தம் பிரிவு ஒன்றுக்குக் கட்டளையிடலாம். சுடப்படும் பிரிவு அமுக்கக் குறிகளைப் பெறும். குறிகள் சேரச்சேர அதன் மனவுறுதி எண் குறைந்து, கட்டளைக்குப் பணிவதே அரிதாகி, குறிகள் அந்த எண்ணை எட்டும்போது பிரிவு சிதறி அகற்றப்படும். குழப்பத்தைக் காட்டுவதற்குப் பை முறை மிகச் சிறந்தது. அதைத் தீவுக்கும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். சிதறி அகற்றப்படும் விதியை வைத்துக்கொள்ள முடியாது. பெட்டியோவின் கடற்சுவருக்குக் கீழே கிடந்த மரைனுக்குப் பின்னால் இருந்தது 500 மீட்டர் திறந்த நீர். ஓடிப்போக அவனுக்கு இடமே இல்லை. அவன் அங்கேயே கிடப்பான், சில மணி நேரம் கழித்து யாராவது ஓர் அதிகாரியோ சார்ஜண்ட்டோ அழைத்தால் எழுவான். ஆகவே குறிகள் நிறைந்த பிரிவு அகற்றப்படாமல் 'கிடப்பு' நிலைக்குச் செல்கிறது: சுடாது, நகராது, ஆனால் மேசையில் இருக்கிறது. தலைவர் உருவம் ஒன்று அதன் அருகே வந்து, தன் உயிருக்கு ஒரு பகடையை உருட்டியபின்பே அதை எழுப்பலாம். இவ்வாறு அமைத்தால் சுவரைத் தாண்டுவது என்ற ஒற்றைச் செயலே ஆட்டத்தின் மையமாகிறது, தலைவர் உருவங்கள் டாங்கிகளைவிட விலைமதிப்பு மிக்கவையாகின்றன.

சிதறிய பிரிவுகளின் மிச்சத்தைச் சேர்த்துப் புதிய பிரிவாக்கும் விதியும் இதனோடு பிறக்கிறது. மேற்கு முனையில் மேஜர் மைக்கேல் ரையன், வெவ்வேறு பட்டாலியன்களிலிருந்து தப்பி அங்கே ஒதுங்கியவர்களைத் திரட்டி, இரண்டு டாங்கிகளோடும் கப்பற்பீரங்கியின் துணையோடும் இரண்டாம் நாளில் மேற்குக் கரை முழுவதையும் கைப்பற்றினார். அந்தக் கரையில்தான் அன்று மாலை 6-ஆவது மரைன் ரெஜிமெண்ட்டின் ஒரு பட்டாலியன் ரப்பர் படகுகளில் ஒழுங்கு குலையாமல் இறங்க முடிந்தது. பிரிவு என்றால் தொடக்கத்தில் எழுதிய பெயர்ப்பட்டியல் என்று கொள்ளும் விதிநூல்களால் ரையனைக் காட்டவே முடியாது. பிரிவு என்பது இப்போது ஒரு தலைவனைச் சுற்றி நிற்பவர்கள் என்று விதி மாறினால்தான் அவர் மேசையில் தோன்றுவார்.

காவல் தரப்புக்கான விதிகளே மிகவும் பொறுப்போடு எழுதப்பட வேண்டியவை. ஜப்பானிய வீரர்களுக்கு மனவுறுதிச் சோதனையே கிடையாது என்றும், அவர்கள் கூச்சலிட்டுப் பாய்ந்து வருவார்கள் என்றும் எழுதிவிடுவது பல நூல்களின் வழக்கம்; அது மனிதர்களைப் பொம்மைகளாக்குவதோடு, போரியல் நோக்கிலும் தவறான படத்தைத் தருகிறது. பெட்டியோவின் காவலர்கள் தத்தம் அரணில் இறுதிவரை நின்றார்கள் என்பது உண்மை. அவர்களால் ஒருங்கிணைந்து இயங்க முடியவில்லை என்பதும் அதே அளவு உண்மை. ஷிபசாகி முதல் நாளிலேயே இறந்ததாகக் கருதப்படுகிறது, கம்பிகள் அறுந்திருந்தன, மரைன்கள் மிகவும் வலுவிழந்து சுவரடியில் ஒட்டிக்கொண்டிருந்த முதல் இரவில், எல்லோரும் அஞ்சிய பெரிய எதிர்த்தாக்குதல் வரவே இல்லை. ஆகவே விதி இரு பகுதியாக அமைகிறது: அரணுக்குள் இருக்கும் பிரிவு கிடப்பு நிலைக்குப் போவதில்லை, ஆனால் தன் அரணைவிட்டு வெளியேறவோ வேறொரு பிரிவோடு சேர்ந்து தாக்கவோ அதற்கு ஒரு தூதர் வந்து சேர வேண்டும், தூதர் திறந்த மணலைக் கடந்துதான் வரவேண்டும். இந்த விதியின்கீழ் காவல் தரப்பை ஆடுபவர், தம்மிடம் வலிமை இருந்தும் அதைத் திரட்ட முடியாத வேதனையை உணர்வார். கொரியத் தொழிலாளர்களைப் போர்வீரர் உருவங்களாக எண்ணிக்கையில் சேர்ப்பது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதன்று. சண்டையிட அன்றி, கட்டுமான வேலைக்காக, பலர் கட்டாயத்தின் பேரில், அங்கே கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். அரண் ஒன்று பிடிபடும்போது உள்ளே அவர்கள் இருக்கக்கூடும் என்ற சீட்டு ஒன்றை வைத்து, அவர்களை உயிரோடு வெளியேற்றும் தரப்பின் நேரம் ஒரு சுற்று செலவாகும் என்று விதிப்பது, குறைந்தபட்சம் அவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதையாவது மேசையில் பதிவு செய்கிறது.

நிலத்தோற்றம் அமைக்கும் கைவேலையும் விதிகளோடு பிணைந்ததே. முன்சொன்ன 28 மில்லிமீட்டருக்குப் பதிலாகச் சிறிய 15 மில்லிமீட்டர் உருவங்களைக் கொண்டு ஆடினால், அதாவது நூறில் ஒரு பங்கு அளவில், 4 அடிக் கடற்சுவர் 12 மில்லிமீட்டராகிறது. கால் மீட்டர் விட்டமுள்ள தென்னந்தண்டு இரண்டரை மில்லிமீட்டராகிறது. தென்னந்துடைப்பத்தின் ஈர்க்குச்சியில் அடிப்பகுதி ஏறக்குறைய அந்தப் பருமனே. அதை ஒரே நீளத்தில் நறுக்கி, நான்கைந்து குச்சிகளைப் படுக்கையாக அடுக்கி, இடையிடையே நிற்கும் குச்சிகளைப் பசையால் ஒட்டி, நீர்த்த சாம்பல்வண்ணம் பூசி, பின்புறம் சலித்த மணலைச் சரித்தால், கடையில் வாங்கும் பிசின் வார்ப்பைவிடப் பொருத்தமான சுவர் கிடைக்கிறது. அதன் மூலப்பொருளும் தென்னையே. சுவர் கட்டி முடிந்ததும் உருவத்தை அதன் பின்னே நிறுத்திப் பார்க்க வேண்டும்: சுவர் உருவத்தின் நெஞ்சளவுக்கு வந்தால், நின்று சுடலாம், குனிந்தால் முழு மறைப்பு, தாண்ட ஒரு முழுச் சுற்று என்ற மூன்று விதிகளும் விளக்கமின்றியே ஆடுபவருக்குப் புரிந்துவிடும். அரண்களை மட்டும் உயரமாகச் செய்துவிடக்கூடாது. பெட்டியோவின் அரண்கள் மணல் மூடிய மேடுகளாகவே வெளியே தெரிந்தன. மேசையில் வெறும் மேடுகள் பலவற்றைப் பரப்பி, அவற்றில் எவை அரண்கள் என்பதைக் காவல் தரப்பின் மறைவரைபடத்தில் மட்டும் குறித்துவைத்தால், சுடும்வரை அவை மேடுகளாகவே இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பெரும் தடை எஞ்சுகிறது: ஆடுபவர் வரலாற்றைப் படித்திருக்கிறார். பெட்டியோ என்ற பெயரைக் கேட்டவுடனே நீர் குறைவாக இருக்கும் என்பதும், மேற்குக் கரையே வலுக்குறைந்த பகுதி என்பதும் அவருக்குத் தெரிந்துவிடுகின்றன. உறையும் மறைவரைபடமும் அந்த அறிவின் முன் செயலிழக்கின்றன. இதற்கு ஒரே மருந்து பெயரை நீக்குவது. நடுவர் வரைபடத்தைத் திருப்பி, பாலத்தை இடம் மாற்றி, பெயரற்ற தீவு ஒன்றைத் தந்து, உளவு அறிக்கை என்ற பெயரில் அரைகுறையான ஒரு தாளை மட்டும் அளித்தால், ஆடுபவர் 1943-ல் திட்டமிட்டவர்களின் அறியாமைக்கு அருகே கொண்டுவரப்படுகிறார். பெயரை விட்டுக்கொடுப்பது வரலாற்றை விட்டுக்கொடுப்பதாகச் சிலர் கருதுவதுண்டு. முடிவெடுத்தவர்களின் நிலைமையைப் புரிந்துகொள்வதுதான் நோக்கம் என்றால், பெயரற்ற தீவே வரலாற்றுக்கு அதிக நேர்மையானது.

ஒரு தீவுக்காக வகுத்த விதிகள் மற்றொன்றுக்குச் செல்லுபடியாகா. 1944 செப்டம்பரில் பெலிலியூவில் கர்னல் நகாகாவா, 1945 பிப்ரவரியில் இவோ ஜிமாவில் ஜெனரல் குரிபயாஷி ஆகியோர் நீர்விளிம்பில் எதிரியைத் தடுக்கும் முறையைக் கைவிட்டு, சண்டையை மலைக்குள்ளும் நிலத்தடிக்கும் கொண்டுசென்றனர். இவோ ஜிமாவில் அமைந்த சுரங்கவழிகளின் நீளம் சுமார் 18 கிலோமீட்டர். கரையில் ஆட்களும் கருவிகளும் குவியும்வரை பீரங்கிகள் பெரும்பாலும் காத்திருந்தன. எரிமலைச் சாம்பலில் சக்கரங்களும் கால்களும் புதைந்தன. அங்கே தாள்பட்டையின் தேவை ஏறக்குறைய இல்லாமலே போகிறது, மறைவரைபடம் அடுக்கடுக்காகப் பெருகுகிறது. பிடிபட்ட மேட்டிலிருந்து மறுசுற்றில் மீண்டும் சுடப்படலாம். ஆகவே ஒரு நிலம் பிடிபட்டது என்பதற்கே புதிய வரையறை வேண்டும், அதாவது அதன் சுரங்கவாய் எரிவீச்சாலோ வெடிமருந்தாலோ மூடப்பட்டிருக்க வேண்டும். வெற்றிக்கணக்கும் மாறுகிறது. கொன்ற எண்ணிக்கைக்குப் புள்ளி தரும் வழக்கமான முறையை இங்கே முற்றிலும் நீக்கிவிட்டு, தீவு எதற்காகத் தேவைப்பட்டதோ அதற்கே புள்ளி தரவேண்டும். சண்டை மார்ச் 26 வரை நீடித்த இவோ ஜிமாவில், மார்ச் 4-ஆம் நாளே பழுதுற்ற பி-29 குண்டுவீச்சு விமானம் ஒன்று ஓடுதளத்தில் இறங்கிவிட்டது. எனவே அந்த ஆட்டத்தில் தாக்குவோரின் புள்ளிகள், ஓடுதளம் முழுநீளத்துக்கும் துப்பாக்கிச் சூட்டிலிருந்து விடுபட்ட சுற்றிலிருந்து எண்ணப்படுகின்றன. காவல் தரப்பின் புள்ளிகள், அந்தச் சுற்றை எவ்வளவு தள்ளிப்போட முடிந்தது என்பதிலிருந்து எண்ணப்படுகின்றன.